மஹ்ஜூபாவின் கண்ணுக்கு ஒரு போன்

அன்று தெக்பருக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும் போலவும், எழுந்தால் எங்கேயாவது ஓட வேண்டும் போலவும் இருந்தது. காரணம், கடை வாசலில் கிடந்த ஒரு சின்ன மூட்டை. வடக்கே ஸுவேராத்திலிருந்து வந்த வண்டிக்காரன் ஸலாம் சொன்னான், மூட்டையை இறக்கினான், அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். மூட்டைக்குள் ஆறு மெல்ஹஃபா. தலையிலிருந்து கணுக்கால்வரை எங்கள் பெண்கள் சுற்றிக்கொள்ளும் அந்த நீளத் துணியை அவளே போன வாரம் தன் கையால் மடித்துக் கட்டி அனுப்பியிருந்தாள். அதே ஆறும் பிரிக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, திருப்பி மடிக்கப்பட்டு வந்திருந்தன.

விற்ற துணி திரும்பி வந்தால் எங்கள் தலைநகரம் நுவாக்ஷோத்தின் துணிச் சந்தையில் அது சாவுச் செய்தி மாதிரி. சொல்லாமலே எல்லாக் கடைக்கும் தெரிந்துவிடும். எதிர்க்கடை ஸல்கா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு உயர ஊற்றி ஊற்றி நுரை ஏற்றினாள், கண் மட்டும் இந்த மூட்டை மேலேயே இருந்தது.

"ஏண்டி தெக்பர், மெத்தையில முள்ளு கிடக்கா? ரெண்டாவது கிளாஸுகூட உள்ள போகலயே."

"வெயிலு."

"வெயிலு எனக்கும்தான் அடிக்குது. எனக்கு மூட்டை வரலியே."

தெக்பர் போனை எடுத்துக் காதில் வைத்து, மஹ்ஜூபா அனுப்பிய குரலை இன்னொரு தடவை கேட்டாள். மஹ்ஜூபா ஸுவேராத்தில் இருக்கிறவள். அவள் புருஷன் இரும்புச் சுரங்கத்தில் மேஸ்திரி. அந்த ஊரில் மாதம் பிறந்தால் சம்பளம் தவறாது. மஹ்ஜூபா எந்தக் கடையில் துணி எடுக்கிறாளோ அந்தக் கடையில்தான் சுரங்கக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் எடுப்பார்கள். தெக்பர் கடையின் பாதி வியாபாரம் அந்த ஒருத்தியின் வாயில் இருந்தது.

"தெக்பர், எப்படி இருக்கே, சுகமா, வீடு சுகமா, உடம்பு சுகமா, வெக்கை எப்படி, எல்லாம் அல்லாஹ் காவல்" என்று ஆரம்பித்த குரல், அப்புறம் கல்லாக மாறியது. "போட்டோல நீ காட்டினது ஒண்ணு, வந்து சேர்ந்தது ஒண்ணு. போட்டோல மக்ரிப் கழிஞ்ச வானம் மாதிரி இருந்துச்சு. மூட்டையப் பிரிச்சா கத்திரிக்கா! என் மவ கல்யாணம் வருது. தோழிங்களுக்கும் அவளுக்கும் ஒரே நிறம் வேணும், அந்தி வானத்து நிறம். அவளை ஒளிச்சு வைக்கறப்ப மாப்பிள்ளை வீட்டுப் பசங்களுக்கு யாரு பொண்ணு யாரு தோழின்னு தெரியக் கூடாது. நாளைக்குச் சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள அந்த நிறத்தைக் காட்டு. காட்ட முடியலியா, ஸல்காகிட்ட எடுத்துக்கறேன். அவளும் தினம் போட்டோ அனுப்பிக்கிட்டுதான் இருக்கா."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கை யாருடையது என்று இப்போது புரிந்திருக்கும்.

கல்யாணம் முடிந்ததும் மணப்பெண்ணைத் தோழிகள் கடத்திக்கொண்டு போய் ஒளித்துவைப்பதும், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஊரெல்லாம் தேடி அலைவதும் எங்களிடம் இன்றைக்கும் உண்டு. எளிதில் கண்டுபிடித்துவிட்டால் பெண்வீட்டுக்குக் கேவலம். ஒரே நிறம் என்று மஹ்ஜூபா பிடிவாதம் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

தெக்பர் திரும்பி வந்த துணியில் ஒன்றை மடியில் விரித்தாள். போனில் அந்தத் துணியின் போட்டோவைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். துணியில் நீலம் கறுத்துக் கிடந்தது, அடியில் சிவப்பு வேறு. போட்டோவிலோ அது நட்சத்திரம் முளைக்கப் போகிற வானம். மஹ்ஜூபா சொன்னது அத்தனையும் நிஜம்.

அந்த போன் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பெண்கள் போன் வாங்குகிற விதம் உலகத்துக்கே தெரியும். கடைக்காரன் எத்தனை சொன்னாலும் காது கொடுக்க மாட்டார்கள். போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுப்பார்கள். முகம் நிலா மாதிரி வந்தால் நல்ல போன், பானை மாதிரி வந்தால் கெட்ட போன். தெக்பரும் அப்படித்தான் வாங்கினாள். அந்த போனில் அவளுக்கு இருபது வயது குறைந்தது, கன்னத்து அம்மைத் தழும்பு காணாமல் போனது. கடையிலேயே விலை உயர்ந்த சாமான் அது. வாய் பேசாமல் நோட்டை எண்ணி வைத்தாள். அவள் முகத்துக்குச் செய்ததையே அது துணிக்கும் செய்யும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

ஸல்கா மூன்றாவது கிளாஸை ஊற்றப் போனாள். தெக்பர் எழுந்து மெல்ஹஃபாவின் முந்தியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மூணாவது கிளாஸு வரப் போகுது, எங்க போறே?" என்று ஸல்கா அதிர்ந்துபோய்க் கேட்டாள். மூன்று கிளாஸும் முடியாமல் தேநீர் பாதியில் இருக்க எழுந்து போவது எங்கள் ஊரில் முகத்தில் துப்புவதற்குச் சமானம்.

"என் கிளாஸையும் நீயே குடி. உனக்குத்தான் இப்ப தாகம் அதிகம்."

போன் சந்தைக்கு நடந்தே போனாள். டாக்ஸிக்குக் காத்து நிற்க அவள் காலுக்குப் பொறுமை இல்லை. மணல்காற்று எழும்பியிருந்தது. கக்கத்தில் திரும்பி வந்த மெல்ஹஃபாவும், அந்தி வானத்து நிறத்தில் கடையிலிருந்த இன்னொன்றும். ஆமாம், மஹ்ஜூபா கேட்ட நிறம் அவளிடம் இருந்தது. காய்தி ஊர்ச் சாயக்காரிகள் தோய்த்துக் கொடுத்த அசல் நிறம், ஒரு கட்டு முழுக்க இருந்தது. இருந்து என்ன? அதைப் பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தியின் கண்ணுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கத் தெரியவில்லை.

தெக்பர் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். த்ரார்ஸா மணல்மேட்டில் ஒரு கூடாரத்தில் பிறந்தவள். பஞ்சத்தில் ஒட்டகங்கள் செத்து விழுந்தபின் லாரியில் ஏறி நகரத்துக்கு வந்த கூட்டத்தில் ஒருத்தி. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. முதலில் அவளிடம் விற்க இருந்தது ஒரே ஒரு மெல்ஹஃபா. அதை உடம்பில் சுற்றிக்கொண்டு சந்தையில் நடப்பாள். யாராவது "நல்லா இருக்கே, எங்க எடுத்தே?" என்றால், "இதையே எடுத்துக்கோ" என்று ஒரு வீட்டுக்குள் போய் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அடியில் சுற்றியிருந்த பழந்துணியோடு வெளியே வருவாள். அந்தக் காசில் மறுநாள் இரண்டு வாங்குவாள். மூன்று புருஷன்களைக் கட்டினாள், மூன்று பேரையும் விட்டாள். ஒவ்வொரு விவாகரத்துக்கும், எங்கள் வழக்கப்படி, வாசலில் கூடாரம் போட்டு மேளம் தட்டிப் பாட்டுப் பாடியது ஊர். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவள் கடை ஒரு முழம் அகலமானது. இன்றைக்கு இரண்டு மாடி வீடு, கடல் தாண்டி லாஸ் பால்மாஸிலிருந்து தெற்கே லுவாண்டாவரை வாடிக்கை. வாட்ஸப் குழுவில் இருக்கிற பெண்களின் பெயரைப் படிக்கத் தெரியாது. அவர்கள் வைத்திருக்கும் படத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, யார் எந்த நிறத்துக்கு மயங்குவாள் என்று சொல்லிவிடுவாள். பட்டம் வாங்கியவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார்கள். இவள் நாலு தேசத்துக்குத் துணி உடுத்திவிடுகிறாள். தானாக முளைத்து நிமிர்ந்த ஆளை இப்படித்தான் பார்க்க வேண்டும். முளைத்தவர்களுக்கு அது தெரியும்.

அந்த போனை அவளுக்கு விற்ற எத்மானின் கடை சந்தையின் மூலையில், ஒரு கண்ணாடிப் பெட்டியும் இரண்டு நாற்காலியுமாக இருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க சின்னம்மா, வாங்க! முகமெல்லாம் ஜொலிக்குதே. போன் ராசிதான்."

"முகம் ஜொலிக்குது. தொழிலு இருட்டிப் போச்சு. இந்தா, புடி."

"என்ன ஆச்சு, கீழ போட்டுட்டீங்களா?"

"பொய் சொல்லுது."

"போன் எங்கயாவது பொய் சொல்லுமா சின்னம்மா?"

"விக்கறவனே சொல்றான். வித்த சாமான் சொல்லாதா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். எத்மானும் சிரித்தான், வியாபாரி என்றால் அதுவும் தெரிய வேண்டும். துணியையும் போட்டோவையும் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "இது அழகு பண்ற வேலை. அதை அணைச்சு விட்டாப் போச்சு" என்று விரலால் எங்கெங்கோ தட்டி, சோதனைக்கு அவள் முகத்தையே ஒரு படம் எடுத்துக் காட்டினான்.

தெக்பர் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனைத் தள்ளிப் பிடித்தாள். "அடப்பாவி, இது யாருடா?"

"நீங்கதான் சின்னம்மா."

"ரெண்டு மாசமா எங்க போயிருந்தா இவ?"

ஆனால் துணியைப் படம் எடுத்தபோது முன்னைவிடக் கொஞ்சம் இறங்கி வந்ததே தவிர, நீலம் இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. அணைத்தும் அணையாத போன்.

"வேற காட்டு" என்றாள். நாற்காலியில் உட்காரவில்லை.

எத்மான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். எங்கள் சந்தையில் துணிக்கும் பட்டப்பெயர், காருக்கும் பட்டப்பெயர், போனுக்கும் பட்டப்பெயர். "இது மூணு கண்ணி. இருட்டுலயும் பாக்கும். இது மணமகள், கையில புடிச்சா இறக்க மனசு வராது. இதுல சினிமாவே எடுக்கலாம். இது பேட்டரி ராட்சசி, மூணு நாளைக்குத் தாங்கும்."

"எனக்கு சினிமா எடுக்கணுமா? மூணு நாள் கரண்டு இல்லாத எடத்துல குடியிருக்கேனா? வீட்டுல கரண்டு இருக்கு, கடையில இருக்கு. நிறத்தைக் காட்டு."

ஒவ்வொரு போனையும் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வெயிலில் துணியை விரித்து ஒரு படம், நிழலில் ஒரு படம். மூணு கண்ணி எல்லாவற்றையும் பச்சை கலந்து காட்டியது. மணமகளில் துணி இன்னும் பளபளத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் வாங்கியிருப்பாள். பேட்டரி ராட்சசியில் எல்லாம் மஞ்சள் காமாலை. எத்மான் கதவோரம் நின்று, தன் சரக்கு அத்தனையும் நடுத்தெருவில் துணியோடு துணியாகக் கிடப்பதைப் பார்த்துக் கையைப் பிசைந்தான்.

"சின்னம்மா, நீங்க துணி விக்க வந்தீங்களா, போன் வாங்க வந்தீங்களா? கூட்டம் சேருது."

"சேரட்டும். உனக்குத்தான் நல்லது."

கடைசியில் நடுத்தர விலையில், பகட்டு இல்லாத, தவிட்டு நிற முதுகுள்ள ஒரு போன். அதில் துணி துணியாகவே வந்தது. திரும்பி வந்தது கத்திரிக்காயாக, நல்லது அந்தி வானமாக. தெக்பருக்கு மூச்சு வந்தது.

"இதுதான். என்னோடதை வச்சுக்கிட்டு இதைக் குடு. மிச்சம் என்ன தருவே?"

எத்மான் வாயைத் திறக்குமுன் அவளே கையைக் காட்டி நிறுத்தினாள். காசு கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அந்தி வானத்து நிறத் துணியின் படத்தைத் தன் போனுக்கு மாற்றச் சொல்லி, அங்கேயே நின்று மஹ்ஜூபாவுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் விழுந்தது. தெக்பர் கடைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். பதில் வந்தது. நலம் விசாரிப்புகூடப் பாதிதான் இருந்தது.

"தெக்பர், சுகமா, வீடு சுகமா... இது என்னடி, அடுப்புச் சாம்பலா? என் மவளுக்குக் கல்யாணம் நடக்குது, எழவு இல்ல. நல்லதா இருந்தாக் காட்டு, இல்லேன்னா விடு. எனக்கு வேலை இருக்கு."

தெக்பர் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான். சாம்பல் எங்கேயிருந்து வந்தது?

"எத்மான், உன் கண்ணுக்கு இது சாம்பலா?"

"இல்லியே, நீலம். கொஞ்சம் ஊதா."

"அப்ப அவ கண்ணுல ஏதாவது கோளாறா?"

எத்மான் தன் சொந்த போனில் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. தெக்பர் எட்டிப் பார்த்தாள். அவன் போனில் அது கடல் நிறமாக இருந்தது.

அவ்வளவுதான். அவள் அவனை விடவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த போன்களில் எல்லாம் அதே படத்தைப் போடச் சொன்னாள். எத்மான் முனகிக்கொண்டே போட்டான். வரிசையாக வைத்தார்கள். ஒன்றில் கருநீலம், ஒன்றில் ஊதா, ஒன்றில் மயில்கழுத்து, ஒன்றில் நனைந்த சிமெண்ட். துணி ஒன்றே ஒன்று, அவள் தோளில் தொங்கியது.

தெக்பர் தன் போன் நிஜம் சொன்னால் போதும் என்று நினைத்துத்தான் தெருவையெல்லாம் கடையாக்கினாள். மஹ்ஜூபா பார்ப்பது தெக்பரின் போனையா? மஹ்ஜூபாவின் போனைத்தானே! அந்தக் கண்ணாடிக்குள் என்ன தெரிகிறது என்று இங்கே இருந்துகொண்டு இவளுக்கு எப்படித் தெரியும்?

பொத்தானை அமுக்கிப் பேசினாள். "மஹ்ஜூபா, கோவிச்சுக்காதே. உன்னோட போன் எது?"

பதில் உடனே வந்தது. "ஏன், என் போனுக்கு என்ன? நீ துணி விக்கறியா, பொண்ணு பாக்கறியா? என் புருஷன் சம்பளத்தில எனக்கு எது வாங்கிக் குடுத்தாரோ அது. செவப்பு முதுகு, ஒத்தைக் கண்ணு. எத்தனை தடவை கீழ விழுந்தாலும் உசிரோட இருக்கு. போதுமா?"

எத்மான் கையைத் தட்டினான். "கழுதை! சின்னம்மா, அது கழுதை!"

"யாரைடா சொல்றே?"

"போனை, போனை. அந்த போனுக்குப் பேரு கழுதை. எவ்வளவு பாரம் ஏத்தினாலும் நடக்கும், அடிச்சாலும் உதைக்காது. சுரங்கத்துல பாதிப் பேருகிட்ட அதுதான்."

கழுதை ஒன்று பெட்டியின் அடியில், பழைய சார்ஜர்களுக்குக் கீழே கிடந்தது. யாரோ விற்றுவிட்டுப் போனது. மூலையில் கண்ணாடி விரிசல், முதுகுச் சிவப்பு தேய்ந்து காவி. அந்தப் படத்தை அதில் போட்டான். வந்தது அடுப்புச் சாம்பல். மஹ்ஜூபா சொன்னதில் ஒரு எழுத்து பிசகில்லை.

தெக்பர் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். எங்கள் சந்தையில் ஒரு பெண் உட்கார்ந்ததும் போனை எடுத்துப் பாயில் முதுகு தெரிய வைப்பாள். பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் ஆளை. மூன்று தேசத்து விமானத்தில் ஏறி இறங்கியவள், இரண்டு மாடிக்காரி, காவி முதுகுக் கழுதையைப் பாயில் வைத்தால் ஸல்கா என்ன சொல்வாள் என்று யோசித்தாள். யோசிக்கும்போதே காதில் அந்தச் சிரிப்பு கேட்டது.

"இதோட விலை?"

எத்மான் பதறினான். "வேணாம் சின்னம்மா. இதை நீங்க கையில வச்சிருந்தா என் கடைக்குத்தான் கேவலம். எங்க வாங்கினீங்கன்னு கேப்பாங்க."

"விலையச் சொல்லு."

"ரெண்டாயிரம்."

"பழைய கணக்குல பேசுடா. உன் புதுக் கணக்கு எனக்கு வயித்தெரிச்சல்."

"இருபதாயிரம் ஒகியா." அரசாங்கம் நோட்டில் ஒரு சைபரை வெட்டி வருஷக்கணக்கில் ஆகிறது, சந்தையின் வாயில் இன்னும் வெட்டவில்லை.

"என் போனை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடு."

அவன் சொன்ன மிச்சத்தைக் கேட்டு அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவள் போனுக்கு அவன் போட்ட மதிப்பு வாங்கிய விலையில் பாதி.

"ரெண்டு மாசத்துல பாதியா? பஞ்சத்துல அடிபட்ட ஒட்டகம்கூட ரெண்டு மாசத்துல இப்படி இளைக்காதுடா!"

"ஒட்டகம் குட்டி போடும் சின்னம்மா. போன் போடாது."

நெடுநேரம் கத்தினார்கள். அவள் இரண்டு தடவை வெளியே போனாள், இரண்டு தடவையும் அவனே கூப்பிட்டான். கடைசியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவள் சிம்மைக் கழுதைக்கு மாற்றிக்கொண்டு, பழைய போனைக் கடைசியாக ஒரு தடவை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அழகு பண்ற வேலையைத்தான் எத்மான் அணைத்துவிட்டானே. உள்ளது உள்ளபடி ஒருத்தி அவளை முறைத்தாள். நீட்டிவிட்டு நடந்தாள்.

ஸல்கா விடவில்லை. மறுநாள் காலை கழுதை பாயில் இறங்கியதும் அவள் குரல் நாலு கடை தாண்டிக் கேட்டது. "வாங்கடி, வாங்கடி, வந்து பாருங்க! தெக்பர் கல்லு பொறுக்கிட்டு வந்திருக்கா! ஏண்டி, மூட்டை திரும்பி வந்த நஷ்டமா? சொல்லியிருந்தா நான் கடன் குடுத்திருப்பேனே!"

தெக்பருக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. விழுங்கிக்கொண்டாள். சொன்னால் தொழில் ரகசியம் எதிர்க்கடைக்குப் போய்விடும். "நமக்கு இது போதும்டி" என்று மட்டும் சொன்னாள். அவள் வாழ்நாளில் 'போதும்' என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சொன்ன வாய் கசந்தது.

பிறகு அந்திவானத் துணியையும் கழுதையையும் தூக்கிக்கொண்டு அலைந்தாள். கடை வாசலில் ஒரு படம், சாம்பல். சந்தைக் கூரையின் மேல் வெயிலில் ஒரு படம், வெறும் சுண்ணாம்பு. பள்ளிவாசல் சுவர் நிழலில் ஒன்று. கொஞ்சம் நீலம் தலைகாட்டியது. வெளிச்சம் கூடக் கூட இந்தக் கழுதைக்குக் கண் கூசுகிறது என்று பிடிபட்டது. கடைக்குள் வந்து தார்ப்பாயைப் பாதி இறக்கி இருட்டாக்கினாள். வெள்ளைச் சுவரை விட்டுவிட்டு, பழுப்புப் பாயின் மேல் துணியை விரித்தாள். எடுத்தாள், பார்த்தாள், அழித்தாள். தார்ப்பாயை இன்னொரு சாண் இறக்கினாள். எடுத்தாள், துணியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள், அழித்தாள். துணியின் மடிப்பை மாற்றினாள். வாடிக்கை ஒருத்தி வந்து, "கடை மூடியிருக்கா?" என்று கேட்டுவிட்டு ஸல்காவிடம் போனாள். போகட்டும் என்று விட்டாள். மத்தியான லுஹர் தொழுகைக்கு அழைக்கிற நேரத்தில், கண்ணாடிக்குள் இருந்த நிறமும் கையில் இருந்த நிறமும் ஒன்றாகின. விரிசலுக்கு இந்தப் பக்கம் வானம், அந்தப் பக்கமும் வானம்.

அந்தப் படத்தை மட்டும் அனுப்பினாள்.

மஹ்ஜூபாவின் பதில் அஸருக்குச் சற்று முன்னால் வந்தது. "ஸல்கா அனுப்பினதும் நல்லாத்தான் இருக்கு தெக்பர். ஒரே பளபளப்பு. அதான் பயமா இருக்கு. உன்னோடது பளபளப்பா இல்ல, ஆனா வானம் மாதிரி இருக்கு. அனுப்பு. காசு இப்ப கெடையாது. மூட்டையப் பிரிச்சு என் கண்ணால பாத்தப்புறம்தான். இந்தத் தடவையும் கத்திரிக்கா வந்துச்சுன்னா, இந்த ஊருல உன் பேரை யாரும் சொல்லாம நான் பாத்துக்கறேன்."

மூட்டை அன்றைக்கே கிளம்பியது. காய்திச் சாயக்காரிகளுக்குக் கொடுக்க வேண்டியதை எத்மான் கொடுத்த மிச்சத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட்டாள். இனி செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். வடக்கே காற்று கிளம்பி வழியெல்லாம் மணல் மூடியிருப்பதாகச் சொன்னார்கள். வண்டி வழியில் அத்தார் ஊரில் நிற்கிறது என்றான் ஒருவன். தாண்டிவிட்டது என்றான் இன்னொருவன். தெக்பர் மீன் சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமலே கை கழுவினாள். கடையில் இருந்த துணிகளை எல்லாம் நிறவாரியாக அடுக்கினாள். கலைத்துவிட்டு விலைவாரியாக அடுக்கினாள். ராத்திரி படுக்கையில் எண்ணம் ஓடியது: விரிசல் இருக்கிற கழுதையும் விரிசல் இல்லாத கழுதையும் ஒன்றுபோலக் காட்டுமா? மஹ்ஜூபாவின் கழுதை இன்னும் வயசானதாக இருந்தால்?

மூட்டை போய்ச் சேர்ந்த செய்தி வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு குரலாக வந்தது. நீளமான குரல். தெக்பர் எழுந்து நின்று காதில் வைத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் தெக்பர். எப்படி இருக்கே? சுகமா? உடம்பு சுகமா? தூக்கம் சுகமா? வீட்டுல எல்லாரும் சுகமா? சாயக்காரிங்க சுகமா? அங்க வெக்கை எப்படி? இங்க ஒரே காத்து. மழை உண்டா? சந்தை எப்படி? ஆடு குட்டி போட்டுச்சா? உன் பெரிய தங்கச்சி முட்டி வலி குறைஞ்சுதா? அல்ஹம்துலில்லாஹ். நாங்களும் சுகம். புருஷன் சுகம். மாமியாரு சுகம்னுதான் சொல்றாங்க..."

நலம் விசாரிப்பைத் தாண்டிப் பிற்பகுதிக்குத் தாவலாம். விரலால் தள்ளினால் போதும். ஆனால் அடுத்தவள் கேட்கிற நலத்தைத் தள்ளிவிட்டால் தனக்கு நலம் எங்கேயிருந்து வரும்? தெக்பர் தள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் "சுகம், சுகம், அல்ஹம்துலில்லாஹ்" என்று தனியாகப் பதில் சொல்லிக்கொண்டே கடைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். எதிர்க்கடையில் ஸல்கா கெண்டியைக் கையில் பிடித்தபடி ஊற்றாமல் பார்த்தாள்.

"...மூட்டையப் பிரிச்சேன். என் போனைப் பக்கத்துல வச்சுத்தான் பிரிச்சேன். தெக்பர், நீ காட்டினதும் இதுவும் ஒண்ணுதான். ஒரே நிறம்! என் மவளையும் அவ தோழிங்களையும் சுத்திக்கச் சொல்லி, மக்ரிப் நேரத்துல வாசல்ல நிக்க வச்சுப் பாத்தேன். பெத்தவ எனக்கே எது என் மவன்னு தெரியல. மாப்பிள்ளை வீட்டுப் பசங்க தேடித் தேடிச் செருப்பு தேயட்டும். காசை வண்டிக்காரன்கிட்ட குடுத்துட்டேன். என் நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி, மேனேஜர் பொண்டாட்டி, எல்லாருக்கும் உன் நம்பரைக் குடுத்திருக்கேன்."

தெக்பர் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு மாடியும், பஞ்சத்தில் வந்த லாரியும், உடம்பிலிருந்து அவிழ்த்து விற்ற முதல் துணியும், எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. யாருடைய தயவும் இல்லாமல் அவளே நிறுத்திய கடை இது. சாகிறவரை பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

குரல் முடியவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அப்புறம் ஒரு சந்தோஷம் தெக்பர். நீ என் போனைப் பத்திக் கேட்டியா, அதை நான் மருமவன்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவன் ரோஷக்காரன். 'மாமிக்கு இனி இந்த ஓட்டை போன் வேணாம், கல்யாணம் முடிஞ்ச கையோட புதுசு வாங்கித் தர்றேன்'னு சொல்லிட்டான். நாங்க எல்லாரும் மாத்தப் போறோம்..."

தெக்பர் மிச்சத்தைக் கேட்கவில்லை. கழுதையை வாய்க்கு நேரே பிடித்து, பொத்தானை அமுக்கி, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"மஹ்ஜூபா! சுகமா, வீடு சுகமா, எல்லாம் சுகமா, வாங்காதே! எது வாங்கறீங்கன்னு எனக்குச் சொல்லாம யாரும் ஒண்ணும் வாங்காதீங்க!"

சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். எத்மான் வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கடை திறப்பான் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கிளம்பிவிட்டாள்.